ஒரே ஏரி, இரண்டு வடிவம்: வெக்டரா, ராஸ்டரா?

செம்பரம்பாக்கம் ஏரியை ஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் வெக்டராக, அதாவது புள்ளிகளும் கோடுகளுமாக வைத்தால், அது ஒரு பலகோணம். கரையோரம் புள்ளி புள்ளியாக வைத்து மூடிவிடலாம். பெயர், கிராமம், சர்வே எண் எல்லாம் அட்டவணையில் கூடவே வரும். ஏரி எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் எந்தெந்த மனைகள் என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும். ஃபைலும் சின்னது.

ஆனால் அந்தக் கோடு மே மாதத்திலும் டிசம்பரிலும் ஒன்றுதான். தண்ணீர் அப்படி நிற்குமா?

அங்கேதான் ராஸ்டர், அதாவது கட்டம் கட்டமான படம், வேண்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டால் நீர்க் கட்டங்கள் தனியே பிரியும். அவற்றை எண்ணி 100ஆல் பெருக்கினால் பரப்பு சதுர மீட்டரில் வந்துவிடும். தொல்லை கரையோரக் கட்டங்களில்தான்: பாதி சேறு, பாதி நீர். ஆகாயத்தாமரை படர்ந்த இடமோ செடியாகவே தெரியும். மழைக்காலத்தில் மேகம் வேறு மறைக்கும்.

எல்லைத் தகராறு என்றால் நான் வெக்டரைத்தான் எடுப்பேன், நீர்ப்பரப்புக்கு ராஸ்டர். எதுவானாலும் முதலில் இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தரவு அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருக்கும்போது நீங்கள் கேட்ட 100 மீட்டர், 100 டிகிரியாகிவிடும்.