தலைமுறைக்கு ஒரு சண்டைக்காரன்: எந்த கன்சோலில் எந்த ஃபைட்டிங் கேம் ஜெயித்தது?

ஃபைட்டிங் கேம் ஆடுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், எந்த சீரிஸ் பெரியது என்ற பேச்சு வந்துவிடும். ஒருவர் விற்பனைக் கணக்கைக் காட்டுவார், இன்னொருவர் போட்டி மேடையைக் காட்டுவார். ஆளாளுக்கு ஒரு கோலை வைத்து அளப்பதால் அந்தப் பேச்சு முடிவதே இல்லை. என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கன்சோலின் கன்ட்ரோலர், சிப், மெமரி, நெட்வொர்க் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பெட்டியையே இந்த கேமுக்காகத்தான் செய்தார்களோ என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றவைத்த கேமுக்குத்தான் என் ஓட்டு. தரத்தில் எது உயர்ந்தது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் கிடைத்த தலைமுறைகள் குறைவு.

முதலில் 16 பிட் காலம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 எதிர் மோர்ட்டல் காம்பாட்.

1991இல் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கேம் கூடங்களில், வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆறு பட்டன் கேட்கும் கேம். குத்தில் மூன்று, உதையில் மூன்று: லேசானது, நடுத்தரம், பலமானது. அடுத்த வருடம் அது சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது. அந்த கன்ட்ரோலரில் முகப்பில் நாலு பட்டன், தோளில் இரண்டு. ஒய், எக்ஸ், இடது தோள் மூன்றும் குத்து. பி, ஏ, வலது தோள் மூன்றும் உதை. கட்டைவிரல் மேல் வரிசையில் இருந்தால் கை, கீழ் வரிசையில் இருந்தால் கால். அரை மணி நேரம் ஆடினால் பட்டனைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது. செகாவின் மெகா டிரைவ் கன்ட்ரோலரிலோ மூன்றே பட்டன். ஆகவே ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக் குத்துக்கும் உதைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். அவசரத்தில் உதைக்கப் போய்க் குத்து விழும். 1993இல் செகா ஆறு பட்டன் கன்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்ததற்கு இந்த கேம்தான் முக்கியக் காரணம். எதிரணியின் கன்ட்ரோலரையே மாற்றவைத்த ஆட்டம் என்றால் அதன் செல்வாக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

மோர்ட்டல் காம்பாட் வேறு வழியில் வந்தது. 1993 செப்டம்பர் 13 அன்று வீட்டு கன்சோல்களுக்கு வந்த அந்த கேமில் நிஜ நடிகர்களைப் படம்பிடித்து கேரக்டர்களாக்கியிருந்தார்கள். நின்டெண்டோ பதிப்பில் ரத்தத்தைத் தூக்கிவிட்டுச் சாம்பல் நிற வியர்வையைத் தெறிக்கவிட்டார்கள். மெகா டிரைவில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று வரிசையாகத் தட்டினால் ரத்தம் திரும்ப வரும். அந்த ஏழு தட்டலுக்காகவே மக்கள் செகா பக்கம் சாய்ந்தார்கள், விற்பனையிலும் அந்தப் பதிப்புதான் முந்தியது. அமெரிக்க செனட்டில் விசாரணை வரைக்கும் போய், 1994இல் வயது வாரியாகத் தரம் பிரிக்கும் இ.எஸ்.ஆர்.பி. பிறக்க ஒரு காரணமும் ஆனது.

ஆனால் ஆட்டமாகப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தடுப்பதற்கென்று தனிப் பட்டன் கிடையாது, பின்பக்கம் அமுக்கினால் தடுப்பு. எதிராளி உங்கள் தலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் பின்பக்கம் எது என்பதே மாறிவிடும். அந்த ஒரு கணக் குழப்பத்தில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. மோர்ட்டல் காம்பாட்டில் தடுப்புக்குத் தனிப் பட்டன் என்பதால் அந்தக் குழப்பமே இல்லை, கூடவே அந்த ருசியும் இல்லை. அப்புறம், இன்று எல்லாரும் பேசும் காம்போ, அதாவது ஒரு அடி பட்டதும் தடுக்க விடாமல் அடுத்த அடியைக் கோப்பது என்ற விஷயமே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் தற்செயலாக வந்ததுதான். அடிகள் இப்படிக் கோத்துக்கொள்வதை உருவாக்கியவர்களே சோதனையின்போதுதான் கண்டார்கள், விட்டுவைத்தார்கள். சூப்பர் நின்டெண்டோவில் மட்டும் 63 லட்சம் பிரதிகள். இந்தத் தலைமுறை ஸ்ட்ரீட் ஃபைட்டருடையது.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த மோதல். விர்ச்சுவா ஃபைட்டர் எதிர் டெக்கன், செகா சாட்டர்ன் எதிர் பிளேஸ்டேஷன்.

பாலிகான் எனப்படும் பலகோணத் துண்டுகளால் கட்டிய உடம்புகளை மோதவிட்டு முப்பரிமாணச் சண்டைக்கு வழி திறந்தது 1993இல் வந்த விர்ச்சுவா ஃபைட்டர்தான். குத்து, உதை, தடுப்பு என்று மூன்றே பட்டன். எளிதாகத் தெரியும், ஆனால் ஆழம் பயங்கரம். அகிரா என்ற கேரக்டரின் முழங்கால் அடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உதையையும் தடுப்பையும் ஒன்றாக அமுக்கி, தடுப்பை மட்டும் ஒரே ஃபிரேமுக்குள், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் விட்டுவிட வேண்டும். பத்து முறை முயன்றால் ஒரு முறை வரும். வரும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காக இன்னும் நூறு முறை முயல்வோம்.

இவ்வளவு நல்ல ஆட்டம் ஏன் தோற்றது? பெட்டியால். விர்ச்சுவா ஃபைட்டர் ஓடிய செகாவின் ஆர்கேட் போர்டும் சாட்டர்னும் இரு வேறு உலகம். 1995இல் விர்ச்சுவா ஃபைட்டர் 2வை நொடிக்கு 60 ஃபிரேமில் சாட்டர்னுக்குள் கொண்டுவந்தது பெரிய வேலை, அதற்காகப் பின்னணிகளைச் சுருக்க வேண்டியிருந்தது. நாம்கோவோ டெக்கனை உருவாக்கிய சிஸ்டம் 11 ஆர்கேட் போர்டையே பிளேஸ்டேஷன் வன்பொருளை அடிப்படையாக வைத்துச் செய்திருந்தது. ஆர்கேடில் ஆடியது வீட்டுக்கு வரும்போது பெரிதாக எதையும் இழக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. முதல் விர்ச்சுவா ஃபைட்டரில் வேலை செய்த செய்ச்சி இஷிதான் பிறகு நாம்கோவுக்குப் போய் முதல் இரண்டு டெக்கனையும் இயக்கினார். செகா வளர்த்த கை எதிரணிக்குப் போய்விட்டது.

டெக்கனின் பட்டன் யோசனையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் முகப்பில் நாலு பட்டன், உடம்பில் நாலு அங்கம். இடது கை, வலது கை, இடது கால், வலது கால், ஆளுக்கு ஒரு பட்டன். இதைவிட இயல்பாக ஒரு கன்ட்ரோலரையும் ஒரு கேமையும் இணைக்க முடியுமா? 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3இல் எட்டி கோர்டோ என்ற கேரக்டரை எடுத்து, இரண்டு கால் பட்டன்களையும் கண்டபடி தட்டினாலே கபோய்ரா என்ற பிரேசில் தற்காப்புக் கலை ஆட்டம் ஆரம்பித்துவிடும். பழகியவர்களுக்கு எரிச்சல், புதிதாக வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். 80 லட்சத்துக்கு மேல் விற்ற கேம் அது. அந்தப் பக்கம் அகிரா ஒரு ஃபிரேம் கேட்கிறார், இந்தப் பக்கம் எட்டி எதுவுமே கேட்கவில்லை. என் மனசு அகிராவோடுதான், ஆனால் தலைமுறையை ஜெயித்தது டெக்கன்.

சாட்டர்னுக்கு ஒரு ஆறுதல் உண்டு. எக்ஸ்மென் எதிர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் போல நிறையப் படங்களை மெமரியில் வைத்திருக்க வேண்டிய 2டி கேம்களில் 4 எம்.பி. கூடுதல் மெமரி கார்ட்ரிட்ஜ் சேர்த்த சாட்டர்னைப் பிளேஸ்டேஷனால் நெருங்க முடியவில்லை. சண்டைக்கு நடுவில் ஆளை மாற்றுவதுதான் அந்த கேமின் உயிர். பிளேஸ்டேஷன் பதிப்பில் மெமரி போதாமல் அதையே வெட்டிவிட்டார்கள்.

டிரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், எக்ஸ்பாக்ஸ் தலைமுறையில் யாரைச் சொல்வது என்பதுதான் கஷ்டம். 1999இல் டிரீம்காஸ்டுக்கு வந்த சோல்காலிபர் ஆர்கேடைவிட அழகாக இருந்தது. அதுவரை வீட்டுப் பதிப்பு என்றாலே ஏதோ ஒன்றை விட்டுக்கொடுப்பது என்றுதான் அர்த்தம், அதை இந்த ஒரு கேம் மாற்றியது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் 40க்கு 40 கொடுத்தது. ஆனால் 2001லேயே டிரீம்காஸ்டின் கதை முடிந்துவிட்டதால், கேம் இருந்தும் பெட்டி இல்லாமல் போனது. 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த விர்ச்சுவா ஃபைட்டர் 4உம் அதன் எவல்யூஷன் பதிப்பும் பயிற்சி முறையை ஒரு வாத்தியாரைப் போல அமைத்தன. டெக்கன் 5 நன்றாக விற்றது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக் அந்தக் காலத்தில் பெரிதாக ஓடவில்லை, ஆனாலும் ஃபைட்டிங் கேம் வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்ட சில நொடிகள் அதில்தான் நடந்தன.

2004 ஈவோ, ஃபைட்டிங் கேம்களுக்கான பெரிய போட்டி. டைகோ உமேஹாரா ஆடும் கென்னுக்கு உயிர் ஒரு கோடு அளவுதான் மிச்சம். தடுத்தாலும் தடுப்பில் கசியும் சேதத்திலேயே செத்துவிடுவார். எதிரே ஜஸ்டின் வாங் ஆடும் சுன்-லி 15 அடி கொண்ட சூப்பரை, அதாவது தன் பெரிய சிறப்புத் தாக்குதலை, ஏவுகிறார். பின்வாங்க முடியாது, தடுக்கவும் கூடாது. மிச்சமிருந்த ஒரே வழி பேரி. அடி மேலே படும் அந்தக் கணத்தில் முன்பக்கம் ஒரு தட்டு, அடி சேதமின்றி விலகிவிடும். அதை டைகோ 15 முறை செய்தார், கடைசி அடியைக் காற்றில் எழும்பிப் பேரி செய்து, அப்படியே இறங்கித் திருப்பி அடித்து ஜெயித்தார். அந்த வீடியோவில் அரங்கம் எழுப்பும் சத்தத்தை இப்போது கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் என் அளவுகோல் பெட்டியோடு பொருந்துவது அல்லவா? அப்படிப் பார்த்தால் இந்தத் தலைமுறை நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயுடையது. உயிர்க்கோடு கிடையாது, அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும், ஏற ஏறத் தூரமாகப் பறப்பீர்கள், மேடைக்கு வெளியே போனால் முடிந்தது. இதெல்லாம் ஃபைட்டிங் கேமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. எதிராளியின் மனசைப் படித்து நேரம் பார்த்து அடிப்பது ஃபைட்டிங் கேம் என்றால் இதுவும் ஃபைட்டிங் கேம்தான். கேம்கியூபில் நாலு கன்ட்ரோலர் சொருகலாம், மெலீயில் நாலு பேர் சண்டை போடலாம். காற்றில் சாய்வாகத் தரையை நோக்கி விலகி வழுக்கும் வேவ்டேஷ் போன்ற வித்தைகளை அந்த அனலாக் குச்சியில்தான் ஆடுகிறவர்கள் பழகினார்கள். 2014இல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்குப் புது ஸ்மாஷ் வந்தபோது, பழைய கேம்கியூப் கன்ட்ரோலரைச் சொருக நின்டெண்டோ ஒரு அடாப்டரே விற்றது. 2001இல் வந்த கன்ட்ரோலரை இரண்டு கன்சோல் தாண்டியும் கைவிட முடியவில்லை என்பதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 தலைமுறைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஆர்கேடுகள் பெரும்பாலான நாடுகளில் வாடிப்போன நேரம், ஃபைட்டிங் கேம் என்றாலே பழைய கதை என்று ஒதுக்கியிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வீட்டுக்கு வந்தது. உருவம் முப்பரிமாணம், ஆட்டம் பழைய இருபரிமாணம், ரியூவிலிருந்து எம். பைசன் வரை பழைய ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். இரண்டு கன்சோலும் பிறந்ததே இணையத்தோடு. ஆள் தேடி ஆர்கேடுக்குப் போகும் வேலை போய், ஆள் திரைக்கே வந்தார். அதே மாதம் மோர்ட்டல் காம்பாட்டின் மிட்வே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2011இல் மோர்ட்டல் காம்பாட் நெதர்ரெல்ம் என்ற புது நிறுவனத்தின் பெயரில் திரும்பி வந்து, முழுநீளக் கதை முறையால் மற்றவர்களுக்கும் வழி காட்டியது. டெக்கன் 6 சுமார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4தான், மேலே போவோம்.

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச். 2016இல் வந்தபோது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இல் கம்ப்யூட்டரோடு வரிசையாக மோதும் ஆர்கேட் முறையே இல்லை, தனியாக ஆடுகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாத கேம். எக்ஸ்பாக்ஸுக்கு வரவும் இல்லை. அந்த இடத்தை டெக்கன் 7 எடுத்துக்கொண்டது. 2019இல் பாகிஸ்தானின் அர்சலான் ஆஷ் ஜப்பான் ஈவோவையும் அமெரிக்க ஈவோவையும் ஒரே ஆண்டில் வென்றபோது, டெக்கன் உலகத்தின் வரைபடமே மாறியது. மோர்ட்டல் காம்பாட் 11 ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. இவர்கள் எல்லாரையும் தாண்டியது ஸ்மாஷ் அல்டிமேட், மூன்றரைக் கோடிக்கும் மேல். அதுவரை சீரிஸில் வந்த ஒரு சண்டைக்காரரையும் விடாமல் சேர்த்த கேம் அது. ஸ்விட்ச்சின் ஜாய்கான் என்ற இரட்டைக் கன்ட்ரோலரைக் கழற்றி ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதை எதிராளியிடம் கொடுத்தால் ஆட்டம் ரெடி. பெட்டியோடு பொருத்தம் என்றால் இதுதான்.

ஆனால் அல்டிமேட்டுக்கு ஒரு பெரிய குறை, ஆன்லைன். நெட் தடுமாறினால் இரண்டு பக்கமும் காத்திருக்கும், உங்கள் அடியும் தாமதிக்கும். ரோல்பேக் முறையில் அப்படி இல்லை. எதிராளி என்ன செய்வார் என்று மெஷின் ஊகித்துக்கொண்டே ஆட்டத்தை நகர்த்தும், ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னால் போய்ச் சரி செய்யும். டோனி கேனன் ஜி.ஜி.பி.ஓ. என்ற பெயரில் இதை உருவாக்கிப் பல வருடம் கழித்துத்தான் பெரிய நிறுவனங்கள் முழுமனதோடு எடுத்துக்கொண்டன. 2020இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது எந்த கேம் ஆடும்படி இருக்கிறது, எது இல்லை என்பது பட்டவர்த்தனமாகிவிட்டது. 2021இல் கில்டி கியர் ஸ்ட்ரைவ் ரோல்பேக்கோடு வந்து அடைந்த வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் குறை இருந்தும் என் ஓட்டு அல்டிமேட்டுக்கே.

இப்போதைய தலைமுறை. 2023 ஜூனில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, செப்டம்பரில் மோர்ட்டல் காம்பாட் 1, 2024 ஜனவரியில் டெக்கன் 8. மோர்ட்டல் காம்பாட் 1 சீக்கிரமே மங்கிவிட்டது. டெக்கன் 8 பார்க்க அற்புதம், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத் தாக்குதலின் பலத்தைக் கூட்டும் ஹீட் முறை வந்தபின் தாக்குகிறவர் கை எப்போதும் ஓங்கியே இருக்கிறது. டெக்கனில் எனக்குப் பிடித்ததே ஒதுங்கி, பொறுத்து, எதிராளி தவறவிடும் ஒரு அடிக்காகக் காத்திருப்பது. அந்தப் பொறுமைக்கு இதில் இடம் குறைந்துவிட்டது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 முதல் நாளிலிருந்தே நல்ல ரோல்பேக்கோடும் வேறு மெஷின்காரரோடு ஆடும் வசதியோடும் வந்தது. 2023 ஈவோவில் அதற்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். பெரிய மாற்றம் மாடர்ன் கன்ட்ரோல். கீழே, கீழ்-முன், முன், குத்து என்று உருட்டித்தான் ஹடோக்கன் என்ற சக்திப் பந்து வரும் என்பதை மாற்றி ஒரே பட்டனில் வைத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை, அப்படி ஏவினால் சேதம் 20 சதவீதம் குறையும். ஒரே கேமுக்குள் எட்டியைப் போல எளிதாக ஆட விரும்புகிறவரும் அகிராவைப் போல கஷ்டப்பட்டு ஆடுகிறவரும் சேர்ந்து ஆட முடிகிறது. நான் பழைய முறையான கிளாசிக் கன்ட்ரோலில்தான் ஆடுகிறேன். மேல் வரிசையில் குத்து, கீழ் வரிசையில் உதை என்ற 1992இன் கணக்கு அதில் இன்னும் மாறவில்லை, தோள் பட்டன்களின் இடம்தான் மாறியிருக்கிறது. புது விர்ச்சுவா ஃபைட்டர் ஒன்று வரப்போவதாக 2024 டிசம்பரில் செகா அறிவித்திருக்கிறது. அது என் கைக்கு வரும்வரை இந்தத் தலைமுறைக்கு என் பதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6.