தட்டில் பங்கா, தனிக் கிண்ணமா?

செல்ல நாய்க்குச் சோறு போடுவதில் வீடுகள் இரண்டு கட்சி. தன் தட்டிலிருந்தே உருட்டி ஊட்டுவது ஒன்று. "சாப்பிடுடா கண்ணா" என்று பாட்டி தயிர்சாதத்தை நீட்டினால், விரலிடுக்கில் ஒட்டிய பருக்கை வரை நக்கிவிடும். இந்த நெருக்கம் பாக்கெட் தீனியில் வராது. ஆனால் சாம்பாரில் வெங்காயம், ரசத்தில் பூண்டு. இரண்டுமே நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடலாம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். திராட்சை சிறுநீரகத்துக்கே ஆபத்து. கேசரியில் கிடக்கும் உலர்திராட்சையும்தான்.

பாக்கெட் தீனியைத் தனிக் கிண்ணத்தில் அளந்து வைப்பது இன்னொன்று. சத்து சரியாகச் சேரும், செலவுதான் கொஞ்சம் கூட. என் ஓட்டு இதற்கே. அப்புறம், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பு நீக்கி, பாட்டி கையால் ரெண்டு வாய் ஊட்டினால் யார் தடுக்கப்போகிறார்கள்?