யூனிஃபார்ம் போடாமல் ராணுவச் சட்ட வேலை: டெல்லியில் எந்த வழி?

"அக்கா, ராணுவம் சம்பந்தமான சட்ட வேலைதான் பாக்கணும். ஆனா யூனிஃபார்ம் வேண்டாம். வழி இருக்கா?" ஆர்.கே.புரம் மலை மந்திர் படிக்கட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். எல்.எல்.பி. கடைசி வருடம் படிக்கிறாள். அப்பா ஓய்வுபெற்ற ஹவில்தார்.

அமெரிக்க ராணுவத்தில் சிவிலியன்களுக்கென்றே பாராலீகல் ஸ்பெஷலிஸ்ட் பதவி உண்டு; வக்கீல்களுக்கு உதவியாக வழக்கு ஆவணங்களைத் தயார் செய்யும் வேலை. 0950 என்று அதற்குத் தனி வரிசை எண்ணே இருக்கிறது. இங்கே அந்தப் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். பெயரை விட்டு, அந்த மாதிரி வேலையைத் தேட வேண்டும்.

ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜாக் அவளுக்குப் பொருந்தாது. எல்.எல்.பி.யில் 55 சதவீதம், கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வில் முதுநிலை மதிப்பெண், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணல், சென்னையில் பயிற்சி என்று போய் முடிவில் யூனிஃபார்ம்தான். விருப்பமுள்ள பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஆண்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியதை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அடுத்தது மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுதி ராணுவத் தலைமையகத்தில் ஏ.எஸ்.ஓ., அதாவது உதவிப் பிரிவு அதிகாரி ஆவது. ஏதாவது ஒரு பட்டம் போதும். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் தனி. டெல்லியை விட்டுப் போக வேண்டிய நிலை அநேகமாக வராது. குறை ஒன்றுதான்: எந்தப் பிரிவில் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. வழக்குக் கோப்பு வரலாம், கொள்முதல் கோப்பும் வரலாம்.

மூன்றாவது வழி எங்கள் ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது. படைவீரர்களின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு இங்கேதான். அங்கே வழக்காடும் வக்கீல்களின் ஆபீஸில் நடப்பதுதான் உண்மையான பாராலீகல் வேலை என்பேன். நானும் அதைத்தான் செய்கிறேன். ஊனமுற்றோர் பென்ஷன் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு அறிக்கை, பென்ஷன் உத்தரவு, மேல்முறையீட்டை நிராகரித்த கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து, எது எப்போது நடந்தது என்று வரிசையாகத் தேதிப் பட்டியல் போட வேண்டும். இறுதி உத்தரவு வந்து 6 மாதத்துக்குள் மனு போக வேண்டும். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு. பணியால் வந்த 20 சதவீத ஊனத்தை 50 சதவீதமாகக் கணக்கிடும் பலன், பணிக்காலம் முடிந்து சாதாரணமாக ஓய்வு பெற்றவருக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இது தெரியாமலே குறைந்த பென்ஷன் வாங்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது மனசு பதறும். இங்கேயே தங்கிவிட்ட தமிழ் ஜவான்கள் ஆபீஸுக்கு வந்து, தமிழில் பேச ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் சம்பளம் ஆரம்பத்தில் ஏ.எஸ்.ஓ. வாங்குவதில் பாதிகூட வராது. பென்ஷனும் கிடையாது. அதனால் வீட்டில் உடனே பணம் தேவை என்றால் தேர்வை எழுது என்றேன். தேவையில்லை என்றால் தீர்ப்பாயம் பக்கம் வா. அப்புறம், 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையமான நால்சா தொடங்கிய வீர் பரிவார் திட்டத்தில், முன்னாள் படைவீரர் நலனுக்கான சைனிக் போர்டுகளின் சட்ட உதவி மையங்களில் ராணுவக் குடும்பத்தினரே தன்னார்வலராகலாம். மாதச் சம்பளம் இல்லை, ஆனாலும் பழக நல்ல இடம்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஆபீஸுக்கு வருகிறாள். போன வாரத் தேதிப் பட்டியலை அவளே போட்டாள். மெடிக்கல் போர்டு தேதி, டிஸ்சார்ஜ் தேதிக்குப் பிறகு இருப்பதை அவள்தான் முதலில் கவனித்தாள்.