எம்ஜிபியின் ஓவர்டிரைவும் ஒரு சின்ன விளக்கும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கறுப்பு ரப்பர் பம்பர், 1798 சிசி என்ஜின், நான்கு கியர், திறந்த கூரை. லண்டனில் ஹாரோ பக்கம் வீட்டு வாசலில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறது. வாங்கப் போனபோது விற்றவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, ஓவர்டிரைவ் வேலை செய்கிறதா என்பதுதான். போன கோடை வரை நன்றாகச் செய்தது என்றார். பழைய கார் விற்கிறவர் போன கோடை என்று சொன்னால் அது எந்த ஆண்டுக் கோடை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை.

இந்தக் காரில் ஐந்தாவது கியர் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க கியர்பாக்ஸின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ். ஷெஃபீல்டில் தயாரானது. இதைக் கண்டுபிடித்த எட்கர் டி நார்மன்வில் பொறியாளர் மட்டுமல்ல, மோட்டார் பத்திரிகையாளரும்கூட. டிரையம்ப், ஜாகுவார், வால்வோ என்று பல கார்களில் இதன் வெவ்வேறு வகைகள் உண்டு. என் காரில் இருப்பது எல்எச் வகை. 1977க்குப் பிறகு வந்த எம்ஜிபிகளில் இது நான்காம் கியரில் மட்டும் வேலை செய்யும்; கியர் கம்பியின் உச்சியில் இருக்கும் குமிழின் தலையிலேயே சுவிட்ச் இருக்கும். அதற்கு முன் வந்தவற்றில் மூன்றாம் கியரிலும் உண்டு. மலைப்பாதையில் அதுதான் சுகம் என்று அந்த வண்டிக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

அது என்ன செய்கிறது என்பதை எண்களில் சொல்லிவிடுகிறேன். மோட்டார்வேயில் மணிக்கு 70 மைலில் நேரடி நான்காம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றும். சுவிட்சைத் தள்ளினால் 3,200க்கு இறங்கிவிடும். 700 சுற்றுதானே என்று தோன்றும். கூரையில்லாத காரில் ஆக்ஸ்ஃபோர்டு வரை எம்40 சாலையில் ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரியும், பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேச முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் இடையில் இருப்பது அந்த 700தான்.

வாங்கிய வாரமே அது செத்துக் கிடந்தது தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். காரின் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், யூனிட்டைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் தனியே கீழே இறக்க வழியில்லை. என்ஜினையும் சேர்த்துத்தான் மேலே தூக்கியெடுக்க வேண்டும். அவர்கள் சொன்ன தொகை நான் காருக்குக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

மின்சாரம் போகும் பாதை ஒன்றும் சிக்கலானதல்ல. இக்னிஷனிலிருந்து குமிழ் சுவிட்ச். அங்கிருந்து கியர்பாக்ஸின் மேல் இருக்கும் தடுப்பு சுவிட்ச், அதாவது நான்காம் கியரில் மட்டும் மின்சாரத்தை விடும் காவலாளி. அதைத் தாண்டினால் சோலனாய்டு, அதாவது மின்சாரம் வந்ததும் ஓவர்டிரைவின் வால்வைத் தள்ளும் மின்காந்தம். என்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காம் கியரில் வைத்து, குமிழ் சுவிட்சைத் தள்ளிக் காதைக் கொடுத்தேன். அடியிலிருந்து 'டிக்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். வரவில்லை. கியர் கம்பியை அசைத்துக்கொண்டே தள்ளினேன். ஒருமுறை வந்தது. விஷயம் அவ்வளவுதான். கம்பியின் உள்ளே ஏறும் ஒயர், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் மடிந்து மடிந்து, குமிழுக்குக் கீழே ஒடிந்திருந்தது. மேலே உறை முழுதாக இருந்தது, உள்ளே செம்பு இரண்டு துண்டு. புது ஒயருக்கு ஆன செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

அடுத்த மூன்று ஆண்டுகள் தொல்லையில்லை. பிறகு வந்த கோளாறுதான் என்னை உண்மையில் அலைக்கழித்தது. குளிர்ந்த வண்டியில் ஓவர்டிரைவ் சொன்னபடி கேட்கும். இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் தானாகவே விலகிவிடும். என்ஜின் சுற்றைக் காட்டும் முள் 3,900க்குத் தாவும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் நல்ல பிள்ளையாகிவிடும். மின்சாரக் கோளாறா, ஆயில் அழுத்தக் கோளாறா? வீட்டு வாசலில் நிற்கும் காரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டியது. கோளாறு ஓடும்போதுதானே வருகிறது!

அப்போதுதான் இந்த விளக்கை வைத்தேன். சோலனாய்டுக்குப் போகும் மஞ்சள் ஒயரில், தடுப்பு சுவிட்சைத் தாண்டிய இடத்தில், ஒரு கிளை பிரித்து, கம்பளத்தின் அடியில் கொண்டுவந்து டாஷ்போர்டின் கீழே ஒரு சின்ன பல்பில் முடித்தேன். ஓவர்டிரைவ் விலகும்போது விளக்கும் அணைந்தால் குற்றம் மின்சாரத்தில். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே விலகினால் குற்றம் ஆயிலில். விளக்கைப் பார்க்கும் வேலையை மனைவி ஏற்றுக்கொண்டார். எம்40இல் ஹை விக்கம் தாண்டியதும் என்ஜின் சத்தம் ஏறியது.

"அணைந்துவிட்டதா?"

"இல்லைங்க, எரிந்துகொண்டுதான் இருக்கிறது. விளக்கு இருக்கிறது, கியர்தான் போய்விட்டது."

பல மாதச் சந்தேகம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

சோலனாய்டு தள்ளும் வால்வில் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. அவை ஆண்டுகள் போகப் போகக் கெட்டித்துவிடும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை அழுத்தம் நிற்கும். சூடாகி நீர்த்ததும் இடுக்கில் கசிந்துவிடும். ஓவர்டிரைவை இணைக்கும் கூம்பு வடிவ கிளட்சைத் தள்ளிப் பிடித்திருப்பது அந்த அழுத்தம்தான் என்பதால் அது குறைந்ததும் ஸ்பிரிங்குகள் கிளட்சைப் பின்னுக்கு இழுத்துவிடுகின்றன. இந்த வேலைக்கு என்ஜினைத் தூக்க வேண்டியதில்லை. காரைத் தாங்கிகளில் ஏற்றி, அடியில் படுத்து, சோலனாய்டின் மூடியைக் கழற்றினால் போதும். கழற்றுமுன் சோலனாய்டைப் பத்துப் பன்னிரண்டு முறை இயக்கி, உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். நான் எடுத்த பழைய வளையத்தை நகத்தால் அழுத்தினேன். பிளாஸ்டிக் வளையல் துண்டு போல இருந்தது. வளைத்ததும் இரண்டாக உடைந்தது.

கையோடு அடிமூடியைத் திறந்து வடிகட்டியைக் கழுவினேன், ஆயிலையும் மாற்றினேன். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான், இரண்டுக்கும் சேர்த்து 3.4 லிட்டர். நான் ஊற்றுவது சாதாரண 20டபிள்யூ50 என்ஜின் ஆயில். கியர் வழுக்கிக்கொண்டு விழும் என்று சொல்லி விற்கும் உராய்வு குறைக்கும் சேர்மானம் எதையும் கலக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் ஒரு நண்பர் எனக்கு ஒரு புட்டி கொடுத்தார். இன்றும் அலமாரியில் இருக்கிறது. கூம்பு கிளட்ச் பிடிப்பதே உராய்வினால்தான். அதை வழுக்கவைத்துவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று அடியில் படுத்துத் தேடுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது முறை, ஏழாம் ஆண்டில், மேடுபள்ளத்தில் மட்டும் ஓவர்டிரைவ் விட்டுவிட்டு வேலை செய்தது. இந்த முறை விளக்கும் கூடவே கண் சிமிட்டியது. தடுப்பு சுவிட்ச். பழுது சிறியது, இடம்தான் மோசம். சுவிட்ச் கியர்பாக்ஸின் மேலே, உடற்தகட்டுக்கு ஒட்டியபடி இருக்கிறது. பின்புறக் குறுக்குத் தாங்கியைக் கழற்றிக் கியர்பாக்ஸின் வாலைச் சற்று இறக்கினால்தான் ஸ்பேனர் நுழையும். இரண்டு சனிக்கிழமைகள் போயின. புது சுவிட்சின் அடியில் போடும் வாஷர்களின் கனத்தில்தான் சூட்சுமம்: கூடினால் சுவிட்ச் அழுந்தாது, குறைந்தால் எப்போதும் அழுந்தியே கிடக்கும்.

அப்படி எப்போதும் இணைந்தே நின்றுபோவது, வேலை செய்யாமல் போவதைவிட ஆபத்தானது. ஓவர்டிரைவ் விலகாத நிலையில் ரிவர்ஸ் போட்டால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கும். பட்டறைக்காரர் சொன்ன பெரிய தொகை அப்போது உண்மையாகிவிடும். சந்தேகம் வந்த நாளில் ரிவர்ஸ் தேவைப்படாத இடமாகப் பார்த்து நிறுத்துவேன். முடியாவிட்டால் கையால் தள்ளுவேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், குளிர்காலக் காலையில் சுவிட்சைத் தள்ளியபின் இணைய ஓரிரு விநாடி எடுத்துக்கொள்கிறது. சூடானதும் உடனே பிடிக்கிறது. இதற்காகத் திறந்து பார்க்கலாமா என்று இருமுறை நினைத்து விட்டுவிட்டேன். போன மாதம் கார் பிறந்த ஊரான அபிங்டன் வரை போய் வந்தோம். விளக்கு வழி முழுக்க எரிந்தது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர் ஹை விக்கமிலேயே தூங்கிவிட்டார்.