பொம்மை வீட்டைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய பொம்மை வீடுகளைப் புதுப்பித்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம், இரண்டு தளங்கள் கொண்ட பழைய மரப் பொம்மை வீடு ஒன்றை ஒப்படைத்திருந்தேன். கூரையைச் சீராக்குவது, விளக்குகளுக்குப் புதிய வயரிங் செய்வது, 1:12 அளவில் கையால் செய்த மேசை, அலமாரிகளை வைத்துத் தருவது, சமையலறைச் சுவரில் இருந்த பழைய தாளை மட்டும் தொடாமல் விடுவது என எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். வேலை முடிந்ததும் அவர் அனுப்பிய படங்களில் வீடு கண்ணைப் பறித்தது. கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் படங்களில் தெரியாதவை தெரியவந்தன.

1:12 என்றால், நிஜத்தில் ஓர் அடி இருப்பது பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். 1924இல் கட்டி முடிக்கப்பட்டு, இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கும் பிரிட்டிஷ் அரசி மேரியின் பொம்மை வீடும் இதே அளவில் அமைந்ததுதான். இந்தக் கணக்கின்படி, முப்பது அங்குல உயரமுள்ள சாப்பாட்டு மேசை இரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். எனக்கு வந்த மேசையோ இரண்டு அங்குலத்தைக்கூட எட்டவில்லை. 1:16 அளவில் மொத்தமாகச் செய்து விற்கும் மலிவுப் பொருளுக்கு மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தார். அலமாரியின் இழுப்பறைகள் திறக்கவே இல்லை. முகப்புப் பலகையில் கோடு கீறி, குண்டூசித் தலைகளைக் கைப்பிடியாக ஒட்டியிருந்தார். அடியைத் திருப்பினால் க்ளூ கன் பசை நூல் நூலாகத் தொங்கியது. ஜன்னல்களின் அக்ரிலிக் தகட்டைச் சூப்பர் க்ளூவால் ஒட்டியதில், பசையின் ஆவி படிந்து ஓரமெல்லாம் வெள்ளையாக மங்கிக் கிடந்தது.

வயரிங்தான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது. செம்பு டேப்பால், அதாவது கம்பிக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டும் பசையுள்ள மெல்லிய செம்புப் பட்டையால், வயரிங் செய்பவர்கள், அதன் மேல் சுவர்த்தாளை ஒட்டும் முன்பே ஒவ்வொரு மூலையிலும் மின்சாரம் போகிறதா என்று சோதிப்பார்கள். டேப்பின் மேல் டேப் வரும் இடங்களில் இடையில் நிற்கும் பசை மின்சாரத்தைத் தடுக்கக்கூடும் என்பதால், அங்கே சிறு பித்தளை ஆணி அடிப்பார்கள் அல்லது சால்டர் வைப்பார்கள். இவர் எதையும் செய்யவில்லை. மேல்தளம் முழுவதும் எரியவில்லை. கீழ்த்தளத்திலோ, ஏறக்குறைய 3 வோல்ட்டில் எரிய வேண்டிய வெள்ளை எல்இடிகளை மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் 12 வோல்ட் அடாப்டரில் நேராக இணைத்திருந்ததால், சுவிட்சைப் போட்டதுமே அவை கருகிப்போயின. பிழை எங்கே என்று தேடவும் சுவர்த்தாளைக் கிழித்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் திரும்பச் செய்துவிடலாம். தொடக்கூடாது என்று சொல்லியிருந்த அந்தச் சமையலறைத் தாளை மட்டும் இனி யாராலும் மீட்க முடியாது. நீலப் பூக்கள் போட்ட தாள். ஓரம் பழுப்பேறியிருந்தாலும், அந்த வீட்டை முதலில் செய்தவர் பூ வரிசை முறியாமல் மூலையில் கத்தரித்துப் பொருத்திய நேர்த்தி அதில் அப்படியே இருந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கணினியில் அச்சிட்ட தாளை ஒட்டிவிட்டார்.

பழைய பெயின்டை அவர் உலர்ந்த நிலையிலேயே உப்புத்தாளால் தேய்த்திருந்தார். அறை மூலைகளில் தூள் அப்படியே படிந்திருந்தது. இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பெயின்டில் நச்சான ஈயம் இருக்கலாம்; அமெரிக்காவில்கூட வீட்டுப் பெயின்டிலும் பொம்மைகளிலும் அதற்குத் தடை வந்தது 1978இல்தான். குழந்தைகள் கை வைக்கும் பொருள் என்பதால், பழைய வீட்டைத் தேய்க்கும் முன் பெயின்டைச் சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பழைய வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை. நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், தொகையை வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுங்கள். ஒவ்வொரு பொருளையும் அளவுகோலை அருகில் வைத்தும், அடிப்பக்கம் தெரியும்படியும், இழுப்பறையைத் திறந்தும் படம் கேளுங்கள். சுவர்த்தாள் ஒட்டும் முன் எடுத்த வயரிங் படத்தையும், விளக்குகள் எரியும் காணொளியையும் தர மறுப்பவருக்கு அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.