என் உயிலை எனக்கே படித்துக் காட்டிய ஏஐ: ஒரு மாத அனுபவம்

2011-இல் கும்பகோணத்தில் பதிவு செய்த என் உயிலை, போன மாதம்தான் முதன்முதலாக முழுசாகப் புரிந்து படித்தேன். தபால் அலுவலகத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன், படிவங்களோடு பழகியவன். ஆனாலும் பத்திரத் தமிழ் வேறு. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஆவண எழுத்தர் ஒரே மூச்சில் வாசித்தார். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதானே என்று கையெழுத்துப் போட்டேன்.

மகள் இரண்டு கருவிகளைப் போட்டுக் கொடுத்தாள். ஒன்று, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் அரட்டைச் செயலி. மற்றது கூகுளின் நோட்புக்எல்எம். நாம் கொடுத்த ஆவணத்தை வைத்தே அது பதில் சொல்லும், பதிலுக்குப் பக்கத்தில் எண்ணும் போடும். அந்த எண்ணைத் தொட்டால் எந்த வரியிலிருந்து எடுத்தது என்று காட்டும். இரண்டுமே இலவசப் பதிப்பு.

முதலில் ஒரு பக்கத்தை மட்டும் பெயர்களை மறைத்துப் படம் எடுத்து அரட்டைச் செயலியில் ஏற்றினேன். ‘மேற்படி’ என்பதற்குப் பத்திரங்களில் போடும் ௸ குறியை அது தவறாகப் படித்ததால் எந்தச் சொத்து யாருக்கு என்பதே குழம்பிப்போனது. அதனால் நாலு பக்கத்தையும் நானே மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அப்போதே பெயர்களை எடுத்துவிட்டு ‘மனைவி’, ‘மகன்’, ‘மகள்’, ‘தம்பி’ என்று போட்டேன். சர்வே எண், பட்டா எண், ஆவண எண் எதுவும் இல்லை. நீங்கள் முயன்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், சொத்து விவரத்தை அப்படியே ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

பத்தி பத்தியாக எளிய தமிழில் சொல்லச் சொன்னபோது இரண்டுமே நன்றாகச் செய்தன. தானம் கொடுக்க, பரிவர்த்தனை செய்ய, விற்க முழு உரிமை என்பதுதான் அந்த நீண்ட வரி. பிறகு நான் கேட்ட கேள்வி ஒன்றே: “எனக்குப் பின் என் மனைவி இந்த வீட்டை விற்கலாமா?”

அரட்டைச் செயலி முதல்நாள் விற்கலாம் என்றது. மறுநாள் அதே கேள்விக்கு, முடியாது, ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான் என்றது. இரண்டு நாளும் ஒரே உறுதியான குரல். நோட்புக்எல்எம்மில் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. அது இரண்டு பத்திகளை எடுத்துக் காட்டியது. நாலாவது பத்தி வீட்டை மனைவிக்குச் சர்வ சுதந்திரமாகக் கொடுக்கிறது. ஆறாவது பத்தி, அவர் காலத்துக்குப் பின் அதே வீடு மகனுக்கும் மகளுக்கும் சமபாகம் என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: “அப்போ எனக்கு இந்த வீட்டுல குடியிருக்க மட்டுந்தான் பாத்தியதையா, இல்ல வீடே என்னுதா? நீங்க என்ன நெனச்சு எழுதினீங்க?” அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீடு அவளுக்கே என்றுதான் நினைத்து எழுதினேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அரட்டைச் செயலியிடமே கேட்டேன். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 88-ஆவது பிரிவுப்படி, ஒத்துப்போகாத இரண்டு ஷரத்துகளில் பின்னால் வருவதே நிற்கும் என்றது. அந்தப் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் முதலில் முழு உரிமை கொடுத்துவிட்டால் பிறகு அதே சொத்தை வேறொருவருக்கு எழுதுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்திருப்பதை அது சொல்லவில்லை. வக்கீல்தான் சொன்னார். மனைவிக்கு ஆயுள் பாத்தியம் எழுதினாலும், அது அவருடைய ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆவது பிரிவால் முழு உரிமையாகிவிடலாம் என்று 1977-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த துளசம்மா வழக்கையும் எடுத்துச் சொன்னார்.

இன்னொரு தவறு கொஞ்சம் ஆபத்தானது. உயிலில் தம்பிக்கு ஒரு சிறு மனை எழுதியிருக்கிறேன், அவனே ஒரு சாட்சியும். சாட்சிக்கு எழுதியது அந்த 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 67-ஆவது பிரிவுப்படி செல்லாது என்று செயலி அடித்துச் சொன்னது. அந்தப் பிரிவு இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் பொருந்தாது. நம்பியிருந்தால் தம்பியிடம் வீணாக ஒரு சங்கடம். இருந்தாலும் பயனடைபவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பதே நல்லது என்றார் வக்கீல்.

செயலி எழுப்பிய ஒரு கேள்விக்கு மட்டும் நான் நன்றி சொல்வேன்: “சாட்சிகள் இருவரும் இப்போது இருக்கிறார்களா?” ஒருவர் காலமாகிவிட்டார். உயிலை நிரூபிக்கச் சாட்சியில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை வருடத்தில் நான் அதை யோசிக்கவே இல்லை.

நோட்புக்எல்எம்முக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன், அரட்டைச் செயலிக்கு இரண்டரை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனதால் வக்கீலிடம் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பழையதை ரத்து செய்து புது உயில் எழுதியாகிவிட்டது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்தோம். சாட்சிகள் எங்கள் டாக்டரும் பக்கத்து வீட்டுக்காரரும். வீட்டைப் பற்றிய பத்தியை நானே சொல்லி எழுதவைத்தேன்: ‘என் மனைவி இந்த வீட்டை விற்கலாம், அடமானம் வைக்கலாம், விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். யாருடைய சம்மதமும் தேவையில்லை.’ சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் அவளே அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள்.

வங்கி வைப்புநிதிக்கு நாமினி மகன், உயிலில் அது மகளுக்கு. நாமினி பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர் மட்டுமே என்றாலும் அந்தச் சிக்கல் எதற்கு? திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம்.