சிசுவின் சத்திரசிகிச்சைக் காயத்துக்குத் தேன்: எந்தத் தேன்?

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் வன்னிக் காட்டுத் தேன் ஒரு போத்தலாவது இருக்கும். சத்திரசிகிச்சை செய்த குழந்தையின் வயிற்றுக் காயம் சீழ் பிடித்து ஆறாமல் கிடந்தால், "தேன் பூசிப் பார்க்கலாமே" என்று அம்மம்மா சொல்வார். அவர் சொல்வதை எடுத்தெறியக் கூடாது.

1998 இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் 9 சிசுக்களைப் பற்றி எழுதினார்கள். 14 நாட்களுக்குக் குறையாமல் நுண்ணுயிர்கொல்லி ஏற்றியும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கழுவியும், களிம்பு பூசியும் மூடாத காயங்கள் அவை. நாளுக்கு இருமுறை 5 முதல் 10 மில்லிலீற்றர் தேன் இட்டார்கள். 5 நாட்களில் தேறுதல் தெரிந்தது. 21 நாட்களில் காயங்கள் மூடிவிட்டன. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

காயத்துக்கு வழக்கமாக இடும் மற்ற மருந்துகள் எப்படி? பொவிடோன் அயடின் என்ற கிருமிநாசினி சிசுவின் மெல்லிய தோலூடாக உறிஞ்சப்பட்டுத் தைரொயிட் சுரப்பியை மந்தமாக்கலாம். சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. அதிலுள்ள சல்ஃபா மருந்தால் மஞ்சட்காமாலையின் பாதிப்பு மூளையைத் தொடக்கூடும். சேலைனில் (உப்புநீரில்) நனைத்த கோஸ் துணி மலிவு, பாதுகாப்பு. ஆனால் காய்ந்து ஒட்டினால், கழற்றும்போது புதிதாக வளர்ந்த தசையும் சேர்ந்து பிய்ந்து வரும். பச்சைக் குழந்தை துடிப்பதைப் பார்க்கச் சகிக்காது. தேன் அப்படி ஒட்டாது, ஈரம் காக்கும். அதன் சர்க்கரைச் செறிவும் அமிலத்தன்மையும், அதில் உருவாகும் ஐதரசன் பேரொட்சைட்டும் கிருமியை அடக்கும். சிலருக்குச் சற்று எரியும்.

ஆனால் வீட்டுப் போத்தலை நான் ஏற்கமாட்டேன். அதில் கிளஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற, நஞ்சு சுரக்கும் பக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்குள் நாவில் தேன் தொட்டுவைக்க வேண்டாம் என்பது அவற்றுக்காகத்தான். திறந்த காயத்திலும் அவை முளைக்கக்கூடும். காய்ச்சினால் வித்து சாகாது, ஐதரசன் பேரொட்சைட்டை உருவாக்கும் தேனின் நொதிதான் கெடும். சீனிப்பாகு கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த இஸ்ரேலியக் குழந்தைகளுக்கு இட்டதும் பதப்படுத்தாத தேன்தான், கெடுதல் எதுவும் நேரவில்லை என்று வாதிடுவோர் உண்டு. அரிதான ஆபத்து 9 பேரில் தென்படாமல் போகலாம்.

காமாக் கதிரூட்டிய மருத்துவத் தேனில் வித்துகள் அழிந்திருக்கும். கிருமியை அடக்கும் ஆற்றல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். விலை அதிகம். கிடைக்குமானால், ஆறாத காயத்துக்கு என் தெரிவு அதுவே. அதுவும் வைத்தியர் பார்த்து, விடுதியில் தாதி கட்டுவதாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சேலைன் கோஸ், காயவிடாமல் அடிக்கடி மாற்றி. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சூடேறினாலோ குளிர்ந்தாலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, எந்தக் கட்டும் போதாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.